மஞ்சள் பூக்கும் அடுப்பு

1

போன மாசியில் ஒரு காலை. இங்கே மாசி என்றால் ஜன்னலுக்கு வெளியே இடுப்பளவு பனி. காப்பிக்குத் தண்ணீர் கொதித்தது. பாத்திரத்தை இறக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, டம்ளர் எடுக்கத் திரும்பினேன். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். வந்தவர் நேரே அடுப்பின் முன்னால் நின்றார். இரண்டு கை விரல்களாலும் அதைத் தொட்டு, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எங்கள் அடுப்பு கறுப்புக் கண்ணாடி. கனடாவில் இப்போது முக்கால்வாசி வீட்டில் அதுதான். தீ கிடையாது, புகை கிடையாது. மேசை மாதிரி வழவழவென்று கிடக்கும். அணைத்த பிறகும் வெகுநேரம் சூட்டை உள்ளே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கும். சூடாக இருக்கிறேன் என்று சொல்ல மூலையில் குங்குமப் பொட்டளவு ஒரு சிவப்பு விளக்கு உண்டு. ஆனால் வீட்டில் டிவிக்கும் சிவப்பு விளக்கு, சார்ஜருக்கும் சிவப்பு விளக்கு, புகை வந்தால் அலறும் மணிக்கும் சிவப்பு விளக்கு. எந்தச் சிவப்பைப் பார்த்து மனிதர் பயப்படுவார்?

அவர் கத்தவில்லை.  விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்க, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேட்டார்: "ஏம்புள்ள, இஞ்சின் இத்தன சூடா இருக்குது. தண்ணி ஊத்துலயா நீயி?"

அவர் பெயர் ஆறுச்சாமி. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். காலையில் வண்டியில் ஏறும் முன் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒரு நாளும் சாவியைத் திருப்பியதில்லை. இப்போது வண்டி இல்லை. ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போய்க்கொண்டிருக்கிறது. ஊர் பெயர் போயிற்று, நேற்று வந்தவர் பெயர் போயிற்று. கை மட்டும் காலையில் எதையாவது தொட்டுக் கும்பிடத் தேடுகிறது. உறுமாவிட்டாலும், வீட்டில் இஞ்சின் மாதிரி சூடாக இருப்பது அடுப்பு ஒன்றுதான். அதை வண்டி என்று எடுத்துக்கொண்டது கை.

ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் விளக்க முயன்றேன். என் இங்கிலீஷ் பஸ்ஸிலும் கடையிலும் பொறுக்கிச் சேர்த்தது. "ஹீ டச் ஸ்டவ். புட் இன் ஐ. எவ்ரி டே. ஸ்டவ் இஸ் காட்," என்றேன். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறைய எழுதினாள். தினமும் அடுப்பில் கை வைத்துக் கண்ணில் குத்திக்கொள்கிறவர் என்று எழுதினாளோ என்னவோ, இரண்டாம் வாரம் நகராட்சியின் முதியோர் பிரிவிலிருந்து போன் வந்தது. பனி உருகியதும் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். இவர் வீட்டில் இருக்கலாமா, காப்பகத்துக்குப் போக வேண்டுமா என்று அவர்தான் சொல்வாராம்.

2

எங்களுக்கு ஒரே மகள், சரஸ்வதி. வீட்டில் சரசு, அவள் ஆபீஸில் சாரா. தமிழ் காதில் ஏறும், வாயில் பாதி இங்கிலீஷாகத்தான் வரும். நல்ல பிள்ளை. அந்த நல்லதிலேயே எனக்குப் பயம்.

"அம்மா, அங்கே டுவென்டிஃபோர் அவர்ஸ் பார்த்துப்பாங்க. நீயும் ரெஸ்ட் எடுக்கலாம்," என்றாள்.

போய்ப் பார்த்தேன். சுத்தமான இடம். ஜன்னலோரம் வரிசையாக நாற்காலிகள், அவற்றில் வரிசையாக மனிதர்கள். எல்லாரும் நல்லபடியாகத்தான் சிரித்தார்கள். ஆனால் எங்கள் ஆள் நல்லேப்பிள்ளிக்காரர். பாலக்காட்டுக்குக் கிழக்கே அந்தப் பக்கத்தில் மாட்டைக்கூட 'ங்க' போட்டுத்தான் ஓட்டுவார்கள் என்று கல்யாணத்தின்போதே எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். இவருக்கு எது வேண்டுமென்றாலும் முதலில் "ஏனுங்க" என்றுதான் வாய் திறக்கும். தாகமென்றாலும் அதுதான், வயிறு வலித்தாலும் அதுதான். அந்த நாற்காலி வரிசையில் உட்கார்ந்து இவர் "ஏனுங்க" என்றால் யார் திரும்பிப் பார்ப்பது?

சமைக்காமல் இருந்துவிடு, கடையிலிருந்து சாப்பாடு வரவழைக்கலாம் என்றும் சரசு சொன்னாள். அதையும் செய்து பார்த்தேன். இவர் ரசம் சோறு தவிர எதையும் வாயில் வாங்கவில்லை. அடுப்பின் திருகுகளைக் கழற்றி ஒளித்தும் வைத்தேன். அதில் என்ன பயன்? அவர் அடுப்பை மூட்டுவதில்லையே. நான் மூட்டுகிறேன், அவர் தொடுகிறார். காலையில் அடுக்களை வாசலில் செருப்பொலி கேட்டாலே நான் கையை விரித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்தேன். ஒரு நாள் தள்ளிவிட்டு வந்தார். ஆளுக்கு இன்னும் லாரி ஓட்டிய தோள்.

அன்றைக்குத்தான் எனக்கு வெள்ளை அடுப்பு ஞாபகம் வந்தது.

3

எழுபதுகளின் நடுவில் இடுக்கியில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். நான் கம்பம்மெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இவரைக் கட்டிக்கொண்டு அணை வேலைக் காலனிக்கு வந்தேன். இவர் அங்கே லாரி டிரைவர். நான் கனடாவிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் வீட்டில் சமையலுக்கு உதவி. அந்த அம்மாளைத் தோட்டத்துப் பழக்கத்தில் துரைசாணி என்றே கூப்பிட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொல்லித்தந்த பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை.

ஈர விறகுப் புகையில் துரைசாணிக்குக் கண் எரிந்து எரிந்து சிவந்துவிட்டது. ஊருக்குச் சொல்லி, கப்பலில் ஓர் அடுப்பு கொச்சிக்கு வந்து இறங்கியது. மேலே முழுக்கக் கண்ணாடி. நேரியமங்கலம் பாலம் தாண்டினால் மலை வளைவுதான். யார் கொண்டுவந்து சேர்ப்பது? டிரைவர்கள் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தார்கள்.

"நான் போறனுங்க," என்றார் இவர்.

"ஆறுச்சாமி, வழியில கண்ணாடி பொட்டி உடஞ்சு போச்சுன்னா?" என்றார் மலையாளி மேஸ்திரி.

"முதலமடையிலிருந்து மாம்பழ லோடு ஓட்டுன கைங்க இது. பழமே நசுங்காமப் போயிருக்குதுங்க."

மாம்பழத்துக்கு விரிக்கிற மாதிரியே வைக்கோல் மெத்தை போட்டு, நடுவில் பெட்டியை இறக்கி, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தார். பெட்டியைப் பிரித்தபோது எல்லாரும் எட்டிப் பார்த்தோம். பால் உறைந்த மாதிரி வெள்ளை. அந்த வெள்ளையில் நாலு இடத்தில் நீலத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு கோலம்.

செல்லாயிதான் முதலில் வாய் திறந்தாள். கிளீனர் மனைவி, பக்கத்துக் குவார்ட்டர்ஸ், முதலமடைக்காரி. "கோலம் போட்டே அனுப்பிச்சிருக்காங்கக்கா! அந்த ஊருப் பொம்பளைங்களுக்கு அதுக்கும் வளையாதாட்ட இருக்குது இடுப்பு!"

இவர் எலுமிச்சை அறுத்து வைத்தார், திருகுகளுக்கு மேலே குங்குமம் வைத்தார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தான் சுமந்து வந்த பொருள் எதுவானாலும் அவருக்கு அது ஒரு வண்டிதான். துரைசாணி அந்தக் குங்குமத்தைக் கடைசிவரை துடைக்கவில்லை.

முதல் நாள் அடுப்பைப் போட்டதும் காலனி பல்பெல்லாம் மங்கின. பிறகு அதுவே எங்களுக்குக் கடிகாரம் ஆயிற்று. விளக்கு மங்கினால் "துரைசாணிக்குக் காப்பி வேளை" என்பார்கள். கரண்டுக்காக மலையைப் பிளந்து அணை கட்டுகிறோம், நம் வீட்டு வெளிச்சத்தை ஒரு காப்பி குடித்துவிடுகிறதே என்று இவர் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அடுப்பைக் கண்டாலே பயம். விறகடுப்பு எரிந்தால் தெரியும், சீறினால் கேட்கும். இது சத்தமில்லாமல் சுடும். செல்லாயி சொன்னதுதான் சரி: "மொறைக்கிற மாமியாளுக்குப் பயப்படலாங்கக்கா. சிரிச்சுட்டே இருக்கிற மாமியாள என்ன பண்றது?"

அடி உருண்ட நம் பாத்திரம் எதுவும் அதன்மேல் நிற்காது, தள்ளாடும். தட்டையடிப் பாத்திரத்தை வைத்து முதல்முறை சூடேற்றியபோது, பாத்திரத்தைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி மெல்ல மெல்ல மஞ்சளாகியது. மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றியது போல. பொருள் கெட்டது, வேலை போயிற்று என்று பதறிப் பாத்திரத்தை இறக்கப் போனேன். துரைசாணி சிரித்தார். சூடேறினால் மஞ்சள், ஆறினால் தானே வெளுக்கும் என்று கையால் காட்டினார். ஆனால் வெளுத்தவுடன் தொடக்கூடாது, உள்சூடு இருக்கும், இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

காப்பிக்கு வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரரிடம் கடிகாரம் ஏது? மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துக் காட்டினார். துரைசாணி தலையாட்டினார். அன்றிலிருந்து அது சட்டமாயிற்று. மஞ்சள் பூத்தால் பக்கத்தில் போகாதே. வெளுத்த பிறகு ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் பொறு. அதன் பிறகு தொடு. காப்பிக்கு வரும்போதெல்லாம் இவர் அடுப்பின் முன்னால் நின்று, வெளுத்ததும் வெற்றிலையை வாயில் அடக்கி, மென்று, வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து, தொட்டுக் கும்பிட்டுப் போவார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ நேர்த்திக்கடன் மாதிரி இருக்கும்.

4

புதிதாக எதையும் இவர் இனிக் கற்றுக்கொள்ள மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, பழையதாகக் கற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறதே என்று நான் நினைத்தேன். சிவப்பு விளக்கு தெரியாது. மஞ்சள் தெரியும்.

சரசுவிடம் சொன்னபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அந்த மாதிரி ஸ்டவ் இப்போ யாரும் செய்றதில்லை. அது மியூசியம்ல இருக்கும். வயர் எல்லாம் போயிருக்கும். ஃபயர் ஆனா?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. ஒரு பயத்தைத் துரத்த இன்னொரு பயத்தை வீட்டுக்குள் கூட்டி வருகிறோமோ என்று. ஆனாலும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். சமையலறையை இடித்துக் கட்டுகிறவர்களிடம் சொல்லி வைத்தேன். கிடைத்த ஒன்றில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. விரிசலோடு வைத்துச் சமைத்தால் பொங்கி வழிந்தது உள்ளே இறங்கி ஷாக் அடிக்கும் என்று கடைக்காரரே தர மறுத்தார். இன்னொன்றில் யாரோ சர்க்கரைப் பாகைக் கொட்டி ஆறவிட்டிருந்தார்கள், கண்ணாடி அம்மைத் தழும்பு மாதிரி பெயர்ந்திருந்தது.

கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. கிழவர் ஒருவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், வீட்டை விற்கிறார். கீழறையில் போர்வை போட்டு மூடியிருந்தது. போர்வையை எடுத்ததும் எனக்கு இடுக்கி மழை மணத்தது. அதே வெள்ளை. அதே நீல நட்சத்திரம்.

போட்டுக் காட்டச் சொன்னேன். போட்டார். நேரம் போயிற்று. ஓரம் மஞ்சளித்தது. அவர் வருத்தத்தோடு, "மன்னிக்கணும், இது சூட்டில் நிறம் மாறும், குறைதான்," என்றார்.

"குட், குட்! எனக்கு அந்தக் குறைதான் வேணும்," என்றேன். அவர் என்னையும் சரசுவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், தன் மனைவி இதில் வேறு யாரையும் சமைக்க விட்டதில்லை என்று சொல்லி, போர்வையையும் சேர்த்துக் கொடுத்தார்.

அதன் பிறகு எலெக்ட்ரீஷியன், அனுமதி, பரிசோதகர், அவர் ஒட்டும் சீட்டு. இந்த நாட்டில் அடுப்பை மாற்றுவது பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி. வயர்களை எல்லாம் புதிதாக மாற்றினால்தான் ஆயிற்று என்று சரசு ஒற்றைக் காலில் நின்றாள். மாற்றினோம்.

அடுப்பு வந்து பொருந்திய அன்று இவர் அறையிலிருந்து மெல்ல வந்தார். நின்றார். முகம் மலர்ந்தது.

"ஏனுங்க, வந்துட்டீங்களா?" என்றார் அடுப்பிடம்.

சரசு பக்கத்தில்தான் நின்றாள். அன்று காலை அவள் வந்தபோது, யார் இவங்க என்று அவர் என்னிடம் கேட்டிருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை காப்பிக்கு அடுப்பைப் போட்டுவிட்டு நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வந்தார். மஞ்சள் பூத்திருந்தது. கை பாதி வழியில் நின்றது. "பூத்திருக்குது புள்ள," என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போனார்.  ஆனால் அடுத்த நிமிஷமே வேறொரு பயம். மஞ்சள் போய் வெளுத்த பிறகும் சுடுமே. இவர் வெற்றிலையை நிறுத்தி எவ்வளவோ வருஷம் ஆயிற்று. அந்த இரண்டாவது சட்டத்தை இவருக்கு யார் ஞாபகப்படுத்துவது? வெளுக்கிற நேரம் பார்த்து அவரைக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடுவேன். ஒவ்வொரு காலையும் இப்படித்தான், அதிகாரி வரும் நாளை எண்ணிக்கொண்டு.

5

அதுவரை சரசுவுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. செல்லாயி கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. அவள் போன வருஷம் முதலமடையில் கண்ணை மூடிவிட்டாள். இனிச் சொல்லலாம்.

அப்போது சரசு கவிழ்ந்துகூடப் படுக்கவில்லை, கழுத்து நிற்காத பருவம். ஆடி மழை. இடுக்கியில் ஆடி மழை என்றால் சுவரே வியர்க்கும். கொஞ்சம் முன்புதான் கரண்டு போயிருந்தது. அடுப்பில் ஏதோ கொதிக்க வைத்திருந்த துரைசாணி, கரண்டு போனதும் பாத்திரத்தை இறக்கிவிட்டு வெளியே போயிருந்தார். குழந்தையைச் செல்லாயி கையில் கொடுத்துவிட்டு நான் துரைசாணி வீட்டுப் பின்கட்டில் விறகு உலர்த்திக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்குக் கை கால் சில்லிட்டுப் போயிற்று என்று செல்லாயி பதறியிருக்கிறாள். அவர்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளையை முறத்தில் கிடத்தி அடுப்பங்கரைக் கதகதப்பில் வைப்பது வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் சுளகு என்போம். துணியை மடித்துச் சுளகில் போட்டு, பிள்ளையைக் கிடத்தி, எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறாள். வெள்ளை அடுப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். முன்பு எரிந்த சூடு அடங்கி, வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. கரண்டுதான் இல்லையே. சமதளம், சுத்தம், கதகதப்பு. சுளகை அதன்மேல் வைத்துவிட்டாள்.

திருகு திறந்தே இருந்தது. கரண்டு எப்போது வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பகல் வேளை, பல்பு எரிவதை யார் பார்த்தார்கள்?

நான் பின்வாசலில் விறகோடு நுழைகிறேன். இவர் முன்வாசலில் நனைந்த தலையோடு காப்பிக்கு நுழைகிறார். செல்லாயி சுளகுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைக்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை கதகதப்பில் சிரித்துக்கொண்டிருந்தது. இவருக்குத் தெரிந்தது. சுளகைச் சுற்றி மஞ்சள் வளையம்.

ஒரே எட்டு. செல்லாயியைத் தோளால் இடித்துத் தள்ளினார், சுளகோடு பிள்ளையை வாரி எடுத்தார், சுளகு கீழே விழுந்தது, பிள்ளை அவர் மார்பில். மூங்கில் கருகிய நாற்றம் அதற்குப் பிறகுதான் மூக்குக்கு வந்தது. சுளகின் அடி பழுப்பாகத் தீய்ந்திருந்தது. பிள்ளையின் முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. ஆனால் தூக்கிய வேகத்தில் வீறிட்டு அழுதது. இவர் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஒன்னுமில்லீங்க சாமி, ஒன்னுமில்லீங்க," என்று அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தார். பெற்ற பிள்ளைக்கும் 'ங்க' போட்டார், பாருங்கள்.

செல்லாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, பெருசானா அவகிட்டச் சொல்லிராதீங்க. எங்கிட்ட வரமாட்டா." இவர்தான் அவளைத் தேற்றினார். பிறகு வாசல்படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு வண்டி எடுக்கவே இல்லை.

அணை வேலை முடிந்ததும் அந்த இன்ஜினியர் குடும்பம்தான் எங்களுக்கு வழிகாட்டி இங்கே வரவழைத்தது. சரசு இந்த மண்ணில்தான் நடை பழகினாள்.

6

அதிகாரி வந்தார். இளம் பெண், நல்ல சிரிப்பு. சரசு மொழிபெயர்க்க வந்திருந்தாள். என்ன மொழிபெயர்ப்பாளோ என்று எனக்குச் சந்தேகம். காப்பகத்தில் இடம் கேட்டு அவள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

இவரைப் பார்த்து அதிகாரி கேட்டார், இந்தப் பெண் யார் என்று. இவர் சரசுவை மரியாதையாகப் பார்த்து, "பேங்கிலிருந்து வந்திருக்கீங்களாங்க?" என்றார். சரசு அதை இங்கிலீஷில் சொன்னாள். குரல் உடையாமல் சொன்னாள்.

நான் டீக்கு அடுப்பைப் போட்டிருந்தேன். அதிகாரி சமையலறை அளவைப் பார்க்க எழுந்தார். டேப்பை எடுப்பதற்காகக் கையிலிருந்த பையை வைக்க இடம் தேடினார். வெள்ளையாக, சமமாக, சுத்தமாக ஓர் இடம் இருந்தது. டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

நாற்காலி சாய்ந்த சத்தம்தான் கேட்டது. இவர் ஒரே எட்டில் வந்து, தோளால் அந்தப் பெண்ணை இடித்துத் தள்ளி, பையை வாரி எடுத்தார். அதிகாரி பிரிட்ஜில் போய் மோதினார். "அப்பா!" என்று சரசு அலறினாள். இவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே.

"ஒன்னுமில்லீங்க சாமி. ஒன்னுமில்லீங்க."

அந்தப் பெண்ணின் முகம் வெளிறியிருந்தது. கை போனுக்குப் போயிற்று. இவர் ஆளை அடிக்கிறார் என்று அதிகாரி எழுதப் போகிறார், இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த நேரம் என்னைக் கைவிட்டு ஓடிப்போயிற்று. சரசுவின் கையைப் பிடித்து இழுத்து அடுப்பைக் காட்டினேன். பாத்திரத்தைத் தாண்டி, பை இருந்த இடம் வரைக்கும் மஞ்சள் படர்ந்திருந்தது.

"சரசு, அவரு பையைத் தூக்கலட்டி. உன்னத் தூக்குறாரு," என்று ஆரம்பித்து, கரண்டு, மழை, செல்லாயி, சுளகு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவள் மஞ்சளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். பையின் அடியில் ரெக்சின் சுருங்கிப்போய் வாடை வந்துகொண்டிருந்தது.

அவள் அதிகாரி பக்கம் திரும்பிப் பேசினாள். வேகமான இங்கிலீஷ். எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல்: "பேபி", "மீ". அதிகாரி அடுப்புக்கு மேலே உள்ளங்கையை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார். பிறகு போனை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

சரசு அப்பாவிடம் போய்ப் பைக்குக் கை நீட்டினாள். அவர் தரவில்லை. "கொழந்த பயந்துருக்குது. சித்த நேரம் போகட்டுங்க."

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்பா பேசும் தமிழைத் தேடித் தேடி எடுத்து, "நான் வெச்சுக்கறேன். பத்ரமா வெச்சுக்கறேன்ங்க," என்றாள். அவளுடைய வாயிலிருந்து 'ங்க' வந்து நான் கேட்டதே இல்லை.

அவர் யோசித்தார். பையை அவள் கைகளில் கிடத்தினார். அவளுடைய இடது கையை எடுத்துப் பையின் ஓரத்துக்கு அடியில் வைத்தார்.

"தலையப் புடிச்சுக்கோணுங்க. கழுத்து நிக்காது," என்றார்.

அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள், அதிகாரி டேப்பால் அளந்து முடிக்கும்வரை.

7

மறுபடி பனி விழும் முன் வந்து பார்ப்பார்களாம். அதுவரை வீட்டிலேயே இருக்கலாம். சனிக்கிழமைகளில் மகள் வர வேண்டும், மற்ற நாளில் காலைவேளைக்கு ஒரு உதவிப் பெண். இப்படிச் சில நிபந்தனைகள். காப்பகத்தில் கேட்டிருந்த இடத்தைச் சரசு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை, போனில் பேசியது காதில் விழுந்தது.

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள், அப்பாடா என்று மூச்சு விட வேண்டாம். எனக்கு மூச்சு வரவில்லை. மஞ்சள் போய் வெளுக்கிற நேரம் இருக்கிறதே, அதை எத்தனை நாள்தான் கூடத்துக்கு அழைத்துப் போய்த் தள்ளிப்போடுவது? போன வாரம் ஒரு நாள் அவர் வரவில்லை. அடுப்புக்கு முன்னால் ஊன்றி நின்றுவிட்டார். இழுத்தேன், அசையவில்லை. நானும் பக்கத்தில் நின்றேன், அவர் மணிக்கட்டுக்கு அருகே என் கையை வைத்துக்கொண்டு. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. நீல நட்சத்திரம் தெளிந்தது. அவர் கை எழும்பவில்லை.

வாய் அசைந்தது. முதலில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மென்றார். வாயில் ஒன்றுமில்லை, வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை, பாதிப் பல்லும் இல்லை. நிதானமாக, அடிக்கடி ஒரு பக்கம் ஒதுக்கி, மென்றுகொண்டே நின்றார். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டியருகே போய்க் குனிந்து, இல்லாததைத் துப்பினார். திரும்பி வந்தார். அவருக்கு முன்னால் என் விரலை அடுப்பில் வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். அவர் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தினமும் இப்படித்தான் இப்போது. என் கை அவர் மணிக்கட்டைவிட்டு விலகுவதில்லை. வாய் பாதியில் நின்றுபோகிற காலை ஒன்று வரும் என்று எனக்குத் தெரியும். அது எந்தக் காலை என்று தெரியாது.

சனிக்கிழமை சரசு வந்திருந்தாள். அவருக்கு மறுபக்கம் நின்றாள், அவளும் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு. அடுப்பு வெளுத்தது. அவர் வெறும் வாயை மெல்ல ஆரம்பித்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன். பிறகு தற்செயலாக அவளைப் பார்த்தேன். வெற்றிலையைக் கண்ணாலும் கண்டு வளராத பிள்ளை, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, தன்னை அறியாமல் தானும் கூடவே மென்றுகொண்டிருந்தாள்.